பாதி விலைக்கு வீடு: யாரை நம்புவது?

நம் இதழின் சென்ற பொங்கல் மலரில், பின்னட்டையின் உட்பக்கத்தில் அரைப்பக்க விளம்பரம் ஒன்று வந்திருந்தது. "சந்தை விலையில் பாதிக்கு வீடு தேடித் தருகிறோம். தமிழ்க் குடும்பங்களுக்குத் தனிச் சலுகை" என்பது அதன் வாசகம். அதற்குக் கட்டணமாக 1,500 ரூபாய் பெற்றுக்கொண்டோம். விளம்பரம் கொடுத்தவர் தமிழர். பொங்கல் விழாவுக்கு நன்கொடை தந்தவர். எதிரே கண்டால் வணக்கம் சொல்பவர். இதற்கு மேல் அவரைப் பற்றி நாம் எதையும் விசாரிக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டாப்ஹில் பகுதியிலிருந்து ஒரு சகோதரி அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். நான்கு வீடுகளில் சமையல் வேலை செய்பவர். கணவர் வடாலா லாரி நிலையத்தில் சுமை தூக்குபவர். பதிவுக் கட்டணம் என்று 5,000, டோக்கன் என்று 45,000, ஃபைல் நகர்த்த என்று 1 லட்சம், ஆக ஒன்றரை லட்சம் ரூபாயை மூன்று தவணையாக, ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு எடுத்த பணமும், மகளுக்கென்று வைத்திருந்த இரண்டு சவரன் நகையை அடகு வைத்த பணமும் அதில் போயின. இவர்களுக்குக் காட்டப்பட்ட அறை வேறு யாருக்கோ சொந்தமானது. கடையின் ஷட்டர் இறங்கி ஆறு வாரமாகிறது. போனை எடுப்பாரில்லை.

"உங்க புத்தகத்துல போட்டிருந்துச்சுன்னுதான் நம்புனோம் அண்ணே" என்றார் அந்தச் சகோதரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இந்த மாதத் தலையங்கமாக எழுதுகிறோம். வாங்கிய 1,500 ரூபாயை அவரிடமே கொடுத்துவிட்டோம். காவல் நிலையத்துக்கு உடன் சென்று புகாரும் பதிவு செய்திருக்கிறோம். இவை நம் தவற்றுக்கு ஈடாகா என்பதை அறிவோம். விசாரிக்காமல் விளம்பரம் போட்டது நம் குற்றம். அதற்காக வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

இப்படி ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எள்ளி நகையாடுவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். மும்பையில் வாடகைக்குக் குடியிருக்கும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை பதினொரு மாத ஒப்பந்தத்தில் காலம் தள்ளுகின்றன. ஒப்பந்தம் முடிந்ததும் புது அறை, புது டிபாசிட், தரகருக்கு ஒரு மாத வாடகை, டெம்போ கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி தூரம். பத்தாண்டில் இப்படி ஏழெட்டு இடம் மாறிய குடும்பங்களை நாம் அறிவோம். நிலையாகத் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும் என்பது பேராசையாகுமா? விலை குறைந்த வீட்டைத் தேடுவது நம் உரிமை. தேடித் தருகிறேன் என்பவரை எடை போடத் தெரிந்துகொள்வதே இப்போது நம் தேவை.

முதலில் கேட்கவேண்டியது இது: அந்தச் சலுகை எங்கிருந்து வருகிறது? ஒரு பொருள் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் மீதிப் பாதியை யாரோ ஒருவர் இழக்கிறார். அவர் யார், ஏன் இழக்கிறார் என்று தேடித் தருபவரால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால், இழக்கப்போகிறவர் நாமாகத்தான் இருப்போம்.

தரகுக் கூலியைக் குறைத்துக்கொள்கிறேன் என்பவர் தம் வருமானத்தில் விட்டுக்கொடுக்கிறார். இது நேர்மையான சலுகையே. ஒரு மாத வாடகைக்குப் பதில் பாதி மாத வாடகை போதும் என்பவரைச் சந்தேகிக்கக் காரணமில்லை, அவர் அதை எப்போது கேட்கிறார் என்பதைப் பார்த்துக்கொண்டால். அதைப் பின்னால் சொல்வோம்.

வங்கி ஏல வீடு இரண்டாவது வகை. கடன் கட்டத் தவறியவரின் வீட்டை 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி கைப்பற்றி ஏலத்துக்குக் கொண்டுவருகிறது. இங்கே விலை குறைவதற்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. வீட்டை "உள்ளது உள்ளபடி" விற்கிறார்கள். சொசைட்டிக்குப் பாக்கி இருக்கலாம், உள்ளே ஆள் குடியிருக்கலாம், பழைய சொந்தக்காரர் கடன் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கலாம். அதோடு பணம் கட்டும் கெடுவும் கடுமை. ஏலம் எடுத்த அன்றோ மறு வேலை நாளிலோ நாலில் ஒரு பங்கு கட்டவேண்டும். ஏலம் உறுதியான பதினைந்து நாளில் மீதியும் கட்டவேண்டும். வங்கி இசைந்தால் கெடு சற்று நீளும். கட்டத் தவறினால் கட்டிய பணமும் போய்விடும். ஏல அறிவிப்புகள் நாளிதழ்களில் வருகின்றன. பொதுத்துறை வங்கிகள் ஏலத்துக்கு விடும் வீடுகளின் பட்டியலை பாங்க்நெட் தளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஆகவே பட்டியலைக் காட்டுவதற்கே பணம் கேட்பவர், தெருக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்பவருக்குச் சமம். அந்த வீட்டின் பாக்கி எவ்வளவு, உள்ளே யார், வழக்கு உண்டா என்று விசாரித்துச் சொல்பவர் கூலிக்கு உரியவர்.

மூன்றாவது, மாடா வீடு. இங்கே விலையைக் குறைப்பது அரசு. குலுக்கல் கணினி மூலம் நடக்கிறது. விண்ணப்பத்தையும் முன்வைப்புத் தொகையையும் நேரே மாடாவுக்கே செலுத்த வேண்டும். தனக்கு ஏஜென்ட் எவரும் இல்லை என்று அந்த நிறுவனம் ஒவ்வொரு குலுக்கலின்போதும் அறிவிக்கிறது. விரார்-போலிஞ்சில் விற்காமல் நின்ற வீடுகளைக் குலுக்கல் இல்லாமல், முதலில் வருபவருக்கு என்றும் விற்றிருக்கிறார்கள். அதற்கும் இடையில் ஆள் தேவைப்படவில்லை. ஆனாலும் "மந்திரி கோட்டாவில் வாங்கித் தருகிறேன்" என்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்களிடம் வீடு கிடைத்தது என்று சாட்சி சொல்பவர்களுக்கும் குறைவில்லை.

இந்தச் சாட்சி எப்படி உருவாகிறது என்பது ரயில்வே ஊழியர்களாகிய நமக்கு நன்றாகத் தெரியும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகக் காத்திருப்போர் பட்டியலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒரு டிக்கெட் தரகர் வந்து, "உள்ளே ஆள் இருக்கிறது, உறுதி செய்து தருகிறேன்" என்று பத்துப் பேரிடமும் பணம் வாங்குகிறார். அவர் எந்த ஜன்னலுக்கும் போவதில்லை. மற்றவர்கள் பயணத்தை ரத்து செய்வதால் அந்தப் பத்தில் ஆறு டிக்கெட் தானாகவே உறுதியாகிவிடுகிறது. ஆறு பேரின் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, நான்கு பேருக்கு "முடியவில்லை, மன்னியுங்கள்" என்று திருப்பிக் கொடுக்கிறார். இடம் கிடைத்தவர் அவரைக் கெட்டிக்காரர் என்கிறார். பணம் திரும்பப் பெற்றவரோ நாணயஸ்தர் என்கிறார். குலுக்கல் வீட்டுக்காரர் செய்வதும் இதுவே. நூறு பேரிடம் வாங்கி, அதிர்ஷ்டத்தில் விழுந்த இரண்டு மூன்று பேரின் பணத்தை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் திருப்பித் தந்துவிட்டால் ஊரெல்லாம் நற்பெயர். அந்தப் பெயரை முதலாக வைத்து அடுத்த முறை பெருந்தொகையாகக் கறந்துகொண்டு மறைந்துவிடலாம். ஆகவே "எங்கள் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தார்" என்ற சொல் ஒருவரை நம்பப் போதுமான ஆதாரம் ஆகாது.

நான்காவது வகையில்தான் நம்மவர் அதிகம் பணத்தை விடுகிறார்கள். குடிசை மாற்றுத் திட்டக் கட்டடத்து அறைகள், குடிசைப் பகுதி அறைகள் ஆகியவற்றின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் காகிதம் நொண்டி. குடிசைக்குப் பதில் கொடுக்கப்பட்ட அறையைச் சட்டம் குறித்த ஆண்டுகள் முடியும் முன் விற்க முடியாது. முடிந்த பின்னும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி வாங்கியவர்களுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததைப் பல கட்டடங்களில் பார்த்திருக்கிறோம். "பவர் எழுதித் தருகிறோம், நோட்டரி கையெழுத்து இருக்கிறது" என்பார்கள். பவர் பத்திரத்தாலும் விற்பனை ஒப்பந்தத்தாலும் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. நோட்டரி என்பவர் கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்றுதான் சான்று தருகிறார். அறை அவருடையது என்று அல்ல.

தாராவியில் 2024-இல் கணக்கெடுப்பு தொடங்கியது முதல் இன்னொரு வியாபாரம் நடக்கிறது. "கதவில் எண் போட்டாகிவிட்டது, இந்த மாடியறையை வாங்கினால் புது வீடு நிச்சயம்" என்கிறார்கள். கதவிலுள்ள எண் கணக்கெடுத்ததற்கு அடையாளம். தகுதிப் பட்டியலில் பெயர் வந்ததற்கு அது அடையாளமாகாது. அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, தாராவிக்குள்ளேயே இலவச வீடு என்பது 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புகளுக்கு. மாடியறைகளுக்கு 2022 நவம்பர் 15 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதுவும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டிப் பெறும் வீடு. இன்று மாடியறை வாங்குபவர் அந்த நாளுக்கு முன்பு அங்கே குடியிருந்தவராக எப்படி ஆவார்? இதைக் கேட்டால் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வரும். அந்தப் பதில் வந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சலுகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பின், மூன்று கேள்விகளால் ஆளை எடை போடலாம்.

ஒன்று, இவருக்குப் பணம் எப்போது? நல்ல தரகர் சந்து சந்தாக நம்மை அழைத்துச் சென்று, நாலு அறை காட்டி, சொந்தக்காரரோடு உட்காரவைத்து, ஒப்பந்தம் பதிவாகிச் சாவி கைக்கு வந்த பிறகு கூலி வாங்குகிறார். அப்படி உழைத்துப் பிழைப்பவர்கள் நம் பகுதிகளில் பலர் உண்டு. அவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. முகவரிப் பட்டியலுக்கு 2,000, பதிவுக்கு 5,000 என்று முதலிலேயே கேட்பவருக்கு நமக்கு வீடு கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். அவர் வருமானம் முடிந்துவிட்டது. நம்மை ஏமாற்றவேண்டும் என்ற எண்ணம்கூட அவருக்குத் தேவையில்லை. சும்மா இருந்தாலே போதும். மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இந்த ஒரு கேள்வி உங்களைக் காப்பாற்றும்.

இரண்டு, வீடு யாருடையது? பதிவான பிளாட் என்றால் பதிவுத்துறையின் இண்டெக்ஸ்-2 நகலில் சொந்தக்காரர் பெயர் இருக்கும். அந்தப் பெயரையும், மின்கட்டண ரசீதையும், சொசைட்டிச் செயலாளர் சொல்வதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்தக்காரரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் தரவேண்டாம். "ஹெவி டிபாசிட்" அறைகளில் நடப்பது என்ன? தரகர் ஒருவர் சொந்தக்காரரிடம் மாத வாடகைக்கு அறையை எடுத்து, நம்மிடம் நாலைந்து லட்சம் டிபாசிட் வாங்கிக்கொண்டு "வாடகை வேண்டாம்" என்று குடிவைக்கிறார். சில மாதம் அவரே வாடகை கட்டுகிறார். பிறகு ஆளைக் காணோம். சொந்தக்காரர் வந்து வாடகை கேட்கும்போதுதான் நமக்குக் கதை தெரிகிறது. டிபாசிட் பணம் சொந்தக்காரர் வங்கிக் கணக்கில் மட்டுமே போகட்டும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவு செய்யப்படவேண்டும் என்பது 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. பதிவு செய்யும் கடமை வீட்டுக்காரருடையது. தவறினால் அவருக்குத் தண்டனையும் உண்டு. பதிவு வேண்டாம், செலவு மிச்சம் என்று ஒருவர் சொன்னால், அந்த மிச்சம் யாருக்கு என்று கேளுங்கள். விலைக்கு வாங்கும்போதும் ரொக்கம் கூடாது. வீட்டு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது.

மூன்று, இவர் யார்? புதுக் கட்டடங்களில் வீடு விற்றுத் தரும் தரகர் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி மகாரேராவில் பதிந்திருக்கவேண்டும். அவர் எண் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். கட்டடத்தின் எண் 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். இரண்டையும் ஆணையத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் போனிலேயே பார்த்துச் சொல்வார்கள். எண் இருப்பதாலேயே ஒருவர் உத்தமராகிவிட மாட்டார். ஆனால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கும். கட்டடம் கட்டுபவரும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் வாங்க முடியாது.

"இவர் யார்?" என்ற கேள்விக்கு "நம்ம ஊர்க்காரர்" என்பது பதிலாகாது. இதைச் சொல்ல நமக்கே கசக்கிறது. ஊர்ப் பாசத்தால் கூடிய சங்கம் இது. வந்த புதிதில் நமக்குப் படுக்க இடம் கொடுத்தவரும், வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் ஊர்க்காரர்களே. அந்தப் பாசத்தைத்தான் இவர்கள் பிணையாகக் காட்டிக் கடன் வாங்குகிறார்கள். மொழி தெரியாத இடத்தில் தமிழில் பேசுகிறவரை நம்பிவிடுகிறோம். ரசீது கேட்டால் அவர் மனம் புண்படுமோ என்று கூசுகிறோம். நாணயமான ஊர்க்காரர் ரசீது கேட்டால் கோபிக்கமாட்டார். கோபிப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

போனில் வரும் வீட்டு விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். "பட்டாளத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வீட்டைக் குறைந்த வாடகைக்கு விடுகிறேன்" என்று சீருடைப் படத்தோடு செய்தி வரும். கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் உங்களுக்கே திரும்ப வரும் என்பார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. போட்டால் பணம் நம்மிடமிருந்து போகும். போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறி எட்டாமல் போய்விடும். நேரில் ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்காதீர்கள். மோசடிக்கு முன்பு 420 என்று நாம் சொன்ன பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 318. எண் மாறினாலும் குற்றம் குற்றமே. ஒருவர் புகார் கொடுத்தால் ஒரு காகிதம். பத்துக் குடும்பம் சேர்ந்து கொடுத்தால் வழக்கு நடக்கும். அந்தச் சகோதரியைப் போல அதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் யாராயினும் ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள்.

இவ்வளவு எச்சரிக்கையும் ஏழையின் தலையிலேயே ஏன் விழவேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்நகரின் வீடுகளைக் கட்டியவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள், தோல் பதனிட்டவர்கள், விடியுமுன் இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்பவர்கள் நம் மக்கள். அவர்கள் சம்பளத்துக்குள் அடங்கும் வாடகை வீடுகளை அரசு போதிய அளவில் கட்டியிருந்தால், பாதி விலை வியாபாரிக்கு இங்கே கடை விரிக்க இடமிருக்காது. உழைப்பவனுக்கு வாடகை வீடு வேண்டும் என்ற கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. ஆனால் அந்த வீடு எழும்பும் வரை நம் மக்கள் தெருவில் ஏமாந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

ஆகவே செயற்குழு கூடி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது. மேலே சொன்ன கேள்விகளுக்குக் காகிதத்தோடு பதில் தராத எந்த வீட்டு விளம்பரமும் இனி இந்த இதழில் வராது, எவ்வளவு நன்கொடை தந்தவராயினும் சரி. ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை, பத்திரம் படிக்கத் தெரிந்த இருவர் அலுவலகத்தில் இருப்பார்கள். பணம் கொடுக்கும் முன் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள்; கட்டணம் இல்லை, உறுப்பினர் அல்லாதவரும் வரலாம். காலியாகும் அறைகளையும் அவற்றின் சொந்தக்காரர் பெயரையும் எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறோம். உங்கள் சாலில், உங்கள் கட்டடத்தில் அறை காலியானால் தெரிவியுங்கள். வீடு தேடித் தரும் வேலையை நாமே ஒருவருக்கொருவர் செய்துகொண்டால் அதற்குக் கூலி ஒரு தேநீர்தான்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் வீடு தேடுவோர் வரிசையில் முதல் பெயர், ஆண்டாப்ஹில் சகோதரியின் பெயர். அவருக்கு நியாயமான வாடகையில், பதிவான ஒப்பந்தத்தோடு ஓர் அறை கிடைக்கும் வரை அந்தப் பெயரை அடிக்கமாட்டோம்.